மறைந்த கருவியும் மறையாத இசையும்

  

ஒரு கருவி வழக்கொழிந்துபோனால், அந்தக் கருவிக்கென எழுந்த இசை என்னாகும்? தமிழறிஞர்க்கு இவ்வினா புதியதன்று. சங்கச் செய்யுட்களிலும் சிலப்பதிகாரத்திலும் யாழ் நிறைந்திருக்கிறது. அதன் பத்தரும் கோடும் நரம்பும் அழகுற வருணிக்கப்பெறுகின்றன. ஆயினும் அந்த யாழை மீட்டிக் காட்டுவார் ஒருவரும் இல்லாத காலம் வந்துற்றது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், இலக்கியச் சான்றுகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு, மறைந்த யாழின் வடிவையும் நரம்புகளின் சுருதியளவையும் மீட்டெடுக்க முயன்றார். அம்முயற்சியின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947-ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. சொல்லில் மட்டுமே எஞ்சியிருந்த கருவியை ஒலியாக எழுப்ப முனைந்த பெரும்பணி அது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே வினா, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து மீண்டும் எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1980-களில் வீடுதோறும் புகுந்த சிறு கணிப்பொறிகளில் சிறுவர்கள் விளையாடினர். அவ்விளையாட்டுகளுக்குப் பின்னணி இசை அமைக்கப்பெற்றது. அப்பொறிகளுள் புகழ்பெற்றதாகிய கமடோர் 64 விற்பனைக்கு வந்த ஆண்டு 1982. அதனைச் செய்த நிறுவனம் நொடித்துப்போன ஆண்டு 1994. யாழ் மறையப் பல நூற்றாண்டுகள் ஆயின. இந்தக் கருவி பிறந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒலித்து, உற்பத்தி நின்றுபோகப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆயின. அந்த இசை இன்றும் கேட்கிறதே, அஃது எவ்வாறு? அதனைக் காத்தவர் யாவர்? காத்தது மூலத்தையா, அதன் நிழலையா? இவ்வினாக்களே இவ்வுரையின் பொருள்.

கருவி பிறந்த கதை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இயங்கிய மாஸ் டெக்னாலஜி என்னும் சில்லுத் தொழிலகத்தைக் கமடோர் நிறுவனம் 1976-இல் வாங்கியது. அங்குப் பணியாற்றிய இளம் பொறியாளர் ராபர்ட் யானிஸ். மின்னணு இசைக்கருவிகளில் இயல்பாகவே ஈடுபாடு கொண்டிருந்தவர் அவர். அந்நாளைய வீட்டுக் கணிப்பொறிகளின் ஒலி பெரும்பாலும் தட்டையான ரீங்காரமாகவே இருந்தது. ஓசை எழுப்பும் உறுப்பு என்ற அளவில் நில்லாது, முறையான இசைக்கருவியாகவே ஒரு சில்லை வடிக்க வேண்டும் என்று யானிஸ் விழைந்தார். 1981-இல் சில மாத காலத்திற்குள் அவர் வடித்த சில்லே ‘சிட்’ என்னும் சுருக்கப்பெயரும் 6581 என்னும் எண்ணும் பெற்றது. 1982 சனவரியில் லாஸ் வேகஸ் நகரின் மின்னணுப் பொருட்காட்சியில் அது கமடோர் 64-இன் உள்ளுறுப்பாக உலகுக்கு அறிமுகமாயிற்று.

இச்சில்லுக்குக் குரல்கள் மூன்றே. ஒவ்வொரு குரலும் நான்கு வகை அலைகளுள் ஒன்றைத் தாங்கும்: முக்கோண அலை, அரம்பப்பல் அலை, துடிப்பு அலை, இரைச்சல். முக்கோண அலை குழலோசைபோல் மென்மையானது. அரம்பப்பல் அலை பித்தளைக் கருவியின் கூர்மையுடையது. துடிப்பு அலையின் அகலத்தை மாற்ற மாற்ற, நாணற்குழல் முதல் நரம்புக் கருவிவரை பலவகைச் சாயல்கள் தோன்றும். இரைச்சலோ முழவுக்கும் வெடிக்கும் உரியது. ஓர் ஒலி எழுந்து, தணிந்து, நிலைத்து, ஓயும் நான்கு நிலைகளையும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே வரையறுக்கலாம். மூன்று குரல்களையும் செலுத்தக்கூடிய வடிப்பான் ஒன்றும் உண்டு. தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடுவதும், உயர்ந்தவற்றை மட்டும் விடுவதும், இடைப்பட்டவற்றை மட்டும் விடுவதும் அதன் தொழில்.

சில்லுக்குள் சுரம் பிறக்கும் முறை எளியது. ஒவ்வொரு குரலுக்கும் 0 முதல் 65,535 வரையிலான ஓர் எண் தரப்படும். கணிப்பொறியின் கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் சில்லு அந்த எண்ணை ஒரு கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே செல்லும். தொகை 1,67,77,216-ஐ எட்டியதும் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும். ஒரு சுற்று என்பது ஓர் அலை. ஐரோப்பியப் பொறியின் கடிகாரம் நொடிக்கு 9,85,248 முறை துடித்தது. ஆகவே, இசைக்குழுவினர் சுருதி சேர்க்கும் 440 அதிர்வெண்ணைப் பெற வேண்டுமாயின், தரவேண்டிய எண் ஏறத்தாழ 7,493.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக்கேற்பச் செய்யப்பட்ட பொறியின் கடிகாரம் நொடிக்கு 10,22,727 முறை துடித்தது. அதே எண்ணை அங்கே தந்தால் 440-க்குப் பதிலாக 457 அதிர்வெண் எழும். சுருதி அரைச் சுரத்தின் பாதியினும் சற்று மிகுந்து ஏறிவிடும். இதனோடும் முடியவில்லை. ஐரோப்பியத் திரை நொடிக்கு 50 முறையும் அமெரிக்கத் திரை 60 முறையும் புதுப்பிக்கப்பெற்றன. திரையின் தாளத்தையே இசையும் பின்பற்றியமையால், ஐரோப்பாவில் எழுதப்பெற்ற பாட்டு மாற்றமின்றி அமெரிக்கப் பொறியில் ஒலித்தபோது ஐந்தில் ஒரு பங்கு விரைவு கூடிற்று. ஒரே பாட்டு, ஒரே நிரல், ஒரே பெயருடைய கருவி. ஆயினும் இரு நாட்டில் இரு வேறு சுருதி, இரு வேறு காலம். மூலம் எது என்னும் வினா கருவி வாழ்ந்த காலத்திலேயே தோன்றிவிட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மூன்று குரலில் ஒரு குழு

குறைந்த கருவியில் நிறைந்த இசை காண்பது கலைஞர்க்கு ஓர் அறைகூவல். அதனை ஏற்றவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் ஹல் நகரத்தவரான ராப் ஹப்பர்ட். 1985-இல் வெளிவந்த ‘மான்டி ஆன் தி ரன்’, ‘கமாண்டோ’ ஆகிய விளையாட்டுகளுக்கு அவர் அமைத்த இசை, விளையாட்டை மறந்தவர் நெஞ்சிலும் நின்றது. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த மார்ட்டின் கால்வே, மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனத்துக்காக இசையமைத்தார். 1987-இல் வந்த ‘விஸ்பால்’, ‘ஆர்க்கனாய்டு’ என்னும் இரண்டும் அவர் பெயர் சொல்வன. அதே ஆண்டின் ‘தி லாஸ்ட் நிஞ்சா’ விளையாட்டுக்குப் பென் டாக்லிஷும் அந்தோணி லீஸும் இசை வழங்கினர்.

மூன்றே குரலில் இவர்கள் ஒரு குழுவின் இசையை எழுப்பியது எங்ஙனம்? ஒருங்கே ஒலிக்கவேண்டிய மூன்று சுரங்களை ஒரே குரலில் நொடிக்கு ஐம்பது முறை மாற்றி மாற்றி இசைப்பர். செவி அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாது ஒரு நடுக்கமுற்ற கூட்டொலியாகக் கொள்ளும். கமடோர் இசைக்கே உரிய அந்தக் ‘கிறுகிறு’ப்பு இவ்வாறு பிறந்ததே. மற்றுமோர் உத்தி: ஒரு குரல் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் இரைச்சலாகி முழவொலி காட்டும், அடுத்த கணமே துடிப்பு அலையாகித் தாழ்சுரம் இசைக்கும். முழவனும் தாழ்சுரக்காரனும் ஒருவனே. கேட்போர்க்கோ இருவர் தோன்றுவர். வறுமையில் செம்மை என்று புலவர் வாழ்வைப் போற்றுவதுண்டு. அத்தொடர் இவ்விசைக்கும் பொருந்தும்.

இந்த இசை கேட்கப்பெற்ற சூழலும் நினைக்கத்தக்கது. விளையாட்டுகள் ஒலிநாடாவில் விற்கப்பட்டன. நாடாவிலிருந்து பொறிக்குள் ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். அக்காத்திருப்பு வேளையிலும் ஒலிக்க இசை எழுதப்பட்டது. 1986-இல் வந்த ‘சாங்ஷன்’ விளையாட்டின் நாடா ஏறும்போது ஒலிக்கும் ஹப்பர்ட்டின் இசை, விளையாட்டினும் மிகுதியாகப் பேசப்பட்டது. காத்திருக்கும் நேரத்தை நிரப்ப வந்த இசை, காத்திருந்து கேட்கும் இசையாயிற்று.

ஏடு எங்கே?

மேலைநாட்டு இசைக்கு எழுத்து வடிவக் குறியீடு உண்டு. கருவி அழிந்தாலும் தாள் எஞ்சும். வேறொரு கருவியில் இசைத்துப் பார்க்கலாம். கமடோர் இசைக்கு அத்தகைய ஏடு எங்கே? ஹப்பர்ட் போன்றோர் தம் இசையைப் பொறிமொழிக்கு அணுக்கமான நிரலாகவே எழுதினர். சுரம், தாளம், அலை, நடுக்கம் யாவும் எண்களாக நிரலுக்குள் புதைந்தன. இசைக்கும் நிரலையும் அவரவரே ஆக்கிக்கொண்டனர். நொடிக்கு ஐம்பது முறை அந்நிரல் விழித்தெழும், சில்லின் 25 பதிவகங்களுள் வேண்டியவற்றில் புதிய எண்களை இடும், மீண்டும் உறங்கும். இரு விழிப்புகளுக்கிடையே ஐரோப்பியப் பொறியின் கடிகாரம் 19,656 முறை துடித்திருக்கும்.

இங்கே ஏடும் பாடுவோனும் ஒன்றாகிவிடுகின்றன. ஏட்டைப் படிக்க வேண்டுமானால் அதனை இயக்க வேண்டும். இயக்க வேண்டுமானால் பொறி வேண்டும். பொறியோ பழுதுறும் இயல்பினது. சில்லுகள் வெப்பத்தாலும் மின்னழுத்தப் பிழையாலும் ஒவ்வொன்றாக உயிர்விடுகின்றன, நாடாக்கள் காந்தமிழக்கின்றன. ஒலிப்பதிவு செய்து வைத்தால் போதாதா எனின், அப்பதிவு ஒரு நாள் ஒரு பொறியில் எழுந்த ஒலியின் நிழற்படமாகவே அமையும். பாட்டு எங்ஙனம் கட்டப்பட்டது, ஒரு குரலை மட்டும் நிறுத்தினால் எஞ்சுவது யாது, அமெரிக்கப் பொறியில் எப்படி ஒலித்திருக்கும் என்னும் வினாக்களுக்குப் பதிவு விடை கூறாது.

போலச்செய்தல்

இந்நிலையில் தோன்றிய தீர்வே எமுலேட்டர் எனப்படும் நிரல். ஒரு பொறி மற்றொரு பொறியாக நடிக்க உதவுவது அது. இலக்கியத் திறனாய்வில் ‘போலச்செய்தல்’ என்னும் சொல் நன்கு பழகியது. இங்கும் அதனையே ஆளலாம்.

இத்துறையில் முன்னோடியாக எண்ணத்தக்கது 1990-இல் பெர் ஹாகன் சுண்டெல், ரான் பிர்க் என்னும் இருவர் ஆக்கிய ‘பிளேசிட்’. அது பிறந்த பொறி அமிகா; கமடோர் நிறுவனமே 1985-இல் வெளியிட்ட புதிய கணிப்பொறி. அமிகாவின் ஒலிச்சில்லாகிய பவுலா வேறு மரபைச் சேர்ந்தது. சிட் சில்லு அலையைத் தானே ஆக்கும். பவுலாவோ நினைவகத்தில் முன்னரே வைக்கப்பெற்ற ஒலித்துணுக்கை எடுத்து இசைக்கும். அதற்குத் தடங்கள் நான்கு. உண்மை வயலினின் ஒலியைப் பதிந்து இசைக்கவல்ல பணக்காரக் கருவியொன்று, மூன்று குரலுடைய ஏழைக் கருவியாக நடிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. தம்பி வளர்ந்தபின் அண்ணனைப் போலப் பேசிக் காட்டுவதற்கு ஒப்பானது அது.

அந்நடிப்பு இருவகைப் பணியை உடையது. முதலாவது, பழைய பொறியின் மூளைக்கு எழுதப்பெற்ற ஆணைகளைப் புதிய பொறியின் மூளை ஒவ்வொன்றாகப் படித்து, பழைய பொறி செய்திருக்கக்கூடியதைத் தானும் செய்தல். இரண்டாவது, பழைய நிரல் சிட் சில்லின் பதிவகத்தில் ஓர் எண்ணை இட முனையும்போது அதனை இடைமறித்து, புதிய சில்லுக்குப் புரியும் ஆணையாக மாற்றுதல். முன்னது எழுத்துக்கெழுத்துப் படிக்கும் உழைப்பு, பின்னது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பின் இழப்புகள் இங்கும் நேர்ந்தன. சிட் சில்லின் வடிப்பானைப் போன்றதோர் உறுப்பு பவுலாவில் இல்லை. மூலத்தின் குழைவு பெயர்ப்பில் குறைந்தது.

இதற்குமுன் விளையாட்டிலிருந்து இசைநிரலை மட்டும் பிரித்தெடுக்கும் பணி ஒன்று உண்டு. பிரித்தெடுத்த நிரலின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பெறும்: நிரல் எவ்விடத்தில் தொடங்குகிறது, எவ்விடத்தை நொடிக்கு ஐம்பது முறை அழைக்க வேண்டும் என்னும் விவரம், தொடர்ந்து பாட்டின் பெயர், ஆசிரியர் பெயர், வெளியீட்டு விவரம் ஆகியவற்றுக்குத் தலா 32 எழுத்துக்கான இடம். ஏட்டின் முடிவில் எழுதியவர் பெயரும் காலமும் பொறிக்கும் பழைய வழக்கத்தின் மறுபிறவி எனலாம் இதனை. இவ்வாறு பிரித்தெடுத்த இசைகளைத் திரட்டும் ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன்’ 1990-களின் நடுவில் தொடங்கியது. இன்று 50,000-க்கும் மேற்பட்ட இசைகளை அது கொண்டுள்ளது. ஊதியம் பெறாத ஆர்வலர்கள் பாட்டுக்கு உரியவர் யாவர் என்று ஆய்ந்து, தவறான பெயரை நீக்கி, சரியானதை ஏற்றி வருகின்றனர். விளையாட்டு நிறுவனங்கள் பல இசையமைத்தவர் பெயரைத் திரையிலோ உறையிலோ காட்டாது விட்டிருந்த நிலையில், இப்பணியின் அருமை விளங்கும்.

வழுவும் வழுவமைதியும்

கணிப்பொறிகளின் விரைவு வளர வளர, வேறொரு சில்லை நடிக்கச் செய்யும் தேவை குறைந்தது. சிட் சில்லின் உள்நிகழ்வுகளை முழுவதும் கணக்கிட்டே ஒலியை ஆக்க முடிந்தது. மைக்கேல் ஷ்வெண்ட் ஆக்கிய ‘சிட்பிளே’ 1990-களின் நடுவில் இவ்வழியில் பலரிடம் சென்றது. 1990-களின் இறுதியில் டாக் லெம் உருவாக்கிய ‘ரீசிட்’ கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் சில்லின் நிலை யாது எனக் கணித்தது. அதன் வெளியீட்டைப் புதிய பொறிகளின் ஒலிபெருக்கிக்குத் தருவதிலும் இடர் உண்டு. பழைய சில்லு நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை மாறும். புதிய பொறி நொடிக்கு 44,100 புள்ளிகளையே ஏற்கும். இருபத்திரண்டு துடிப்புக்கு ஒன்றாகப் பொறுக்கியெடுத்தால், இல்லாத சுரங்கள் பேய்போல் ஒலிக்குள் புகும். அவற்றை வடித்தகற்றும் கணிதமே கணிப்பொறியின் உழைப்பில் பெரும்பங்கைக் கொண்டது.

ஆயினும், எல்லாவற்றினும் கடினமான பகுதி சில்லின் குறைகளைப் போலச்செய்வதே. குறைகளை ஏன் போலச்செய்ய வேண்டும்? விடை இரண்டு சான்றுகளில் அமைந்திருக்கிறது.

முதற்சான்று. ஒலி எழும் விரைவை அளக்க ஒவ்வொரு குரலுக்கும் ஓர் எண்ணி உண்டு. விரைவு மாற்றப்படும்போது, எண்ணி புதிய அளவை ஏற்கெனவே கடந்திருக்குமாயின், அது 32,768 வரை எண்ணி முழுச்சுற்று முடித்த பின்னரே நெறிக்கு வரும். இதனால் நொடியின் முப்பதில் ஒரு பங்குவரை சுரம் தாமதிக்கும். வடித்தவர் எண்ணாத பிழை இது. இசையமைப்பாளர்கள் பிழையைக் கண்டுகொண்டு, அடுத்த சுரம் தொடங்குமுன் முந்திய சுரத்தை முற்றாக அடக்கிவைக்கும் உத்தியைக் கைக்கொண்டனர். அந்த உத்தியால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு தனி அழுத்தம் பிறந்தது. பிழையை நீக்கிய போலிக்கருவியில் அவ்வழுத்தத்தின் காரணமும் நீங்கிவிடும்.

இரண்டாம் சான்று இன்னும் தெளிவானது. சில்லின் முழு ஒலியளவைக் குறிக்கும் பதிவகத்தில் 16 படிகள் உண்டு. 6581-இல் அப்படியை மாற்றும்போதெல்லாம் ஒரு ‘டிக்’ ஒலி கேட்கும். வடிவமைப்பில் நேர்ந்த மின்னழுத்தக் கசிவே அதன் காரணம். அக்குறையையே ஏணியாகக் கொண்டு ஏறினர் இசையமைப்பாளர்கள். ஒலியளவை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை மாற்றினால் அந்த ‘டிக்’ ஒலிகள் சேர்ந்து, பதிந்த முழவோசையாகவும் மனிதக் குரலாகவும் வடிவுறும். மூன்று குரல் கருவிக்கு நான்காம் குரல் கிடைத்துவிட்டது! கால்வேயின் ‘ஆர்க்கனாய்டு’ இசையில் அம்முழவோசையைக் கேட்கலாம். 1980-களின் பிற்பகுதியில் நிறுவனம் 8580 என்னும் திருந்திய சில்லை வெளியிட்டது. கசிவு பெரிதும் அகன்றது; கசிவோடு நான்காம் குரலும் ஏறத்தாழ அடங்கிற்று. சில்லு திருந்தியது, இசை தேய்ந்தது.

இலக்கண நூலோர் வழுவையும் வழுவமைதியையும் வேறுபடுத்துவர். நெறி பிறழ்ந்ததாயினும் சான்றோர் வழக்கில் பொருளோடு ஆளப்பெற்றது அமைத்துக்கொள்ளத்தக்கது என்பது அவர்தம் கொள்கை. சிட் சில்லின் குறைகளும் அத்தகையனவே. பொறியியலாளர் நோக்கில் அவை வழு. இசையமைப்பாளர் கையில் அவை வழுவமைதி. போலச்செய்நிரல் ஆக்குவோர் இலக்கணி போலத் திருத்த முனைந்தால் இசை கெடும். உரையாசிரியர் போல அமைதி காண வேண்டும். இந்த உண்மையை உணர்ந்தபின்னரே அந்நிரல்கள் செவிக்கு ஏற்றனவாயின.

பாடபேதம்

இன்னும் ஒரு முடிச்சு அவிழாது நின்றது. அதுவே வடிப்பான். கடிகாரத்தையும் கூட்டலையும் எண்களால் துல்லியமாகப் போலச்செய்யலாம். வடிப்பானோ எண்களுக்கு அடங்காத மின்னோட்டத்தில் இயங்குவது. 6581 சில்லின் வடிப்பான் தொழிலகத்திலிருந்து வெளிவரும்போதே ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தது. ஒரே நிரல் ஒரு வீட்டுப் பொறியில் இருண்டு மங்கியும் அடுத்த வீட்டுப் பொறியில் தெளிந்து கூர்ந்தும் ஒலித்தது. காலம் போதாமையால் வடிப்பான் தாம் விரும்பியவாறு அமையவில்லை என்பது யானிஸ் பிற்காலத்தில் கொண்டிருந்த கருத்து.

அங்ஙனமாயின் எந்தச் சில்லின் ஒலி மூலம்? இசையமைத்தவர் மேசைமேல் இருந்த சில்லா? கேட்டவர் வீட்டில் இருந்த சில்லா? ஏடு பதிப்பித்தோர் இவ்விடரை நன்கறிவர். பத்துச் சுவடிகள் பத்துப் பாடம் காட்டும்போது, ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை அடிக்குறிப்பில் தருவது நல்ல பதிப்பாசிரியர் கடமை. போலச்செய்நிரல் ஆக்கியோரும் அந்நெறியையே அடைந்தனர். 6581, 8580 என்னும் இருவகையுள் ஒன்றைக் கேட்போரே தெரிந்துகொள்ளலாம்; வடிப்பானின் வளைவையும் மாற்றியமைக்கலாம். இரண்டு அலைகளை ஒருங்கே தெரிவு செய்தால் உண்மைச் சில்லில் பிறக்கும் விந்தை அலையைக் கணக்கால் ஊகிக்க இயலாமையால், உண்மைச் சில்லுகளினின்றே அளந்தெடுத்த அட்டவணைகளை ‘ரீசிட்’ பயன்கொண்டது. பின்னர்ச் சில்லின் மேலுறையை நீக்கி, உட்பரப்பைப் பெரிதாக்கிப் படமெடுத்து, அதன் உறுப்புகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு, அவற்றின் இயற்பியலையே கணிதமாக்கும் பணியும் நடந்தேறியது. செல்லரித்த ஏட்டை விளக்கொளியில் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தவர் உழைப்போடு இவ்வுழைப்பை வைத்தெண்ணுவது மிகையாகாது.

வேறொரு சாரார் இவ்வழியையே ஏற்கவில்லை. உண்மைச் சில்லுக்கு ஈடில்லை என்பது அவர் வாதம். பழைய பொறிகளினின்று சிட் சில்லைக் கழற்றி, புதிய கணிப்பொறியில் செருகத்தக்க அட்டைகளில் அவர்கள் பொருத்தினர். ஒலி உண்மையே. ஆயினும் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பழைய பொறி ஊமையாயிற்று. எஞ்சிய சில்லுகள் எண்ணப்படத்தக்கவை, புதியன பிறவா. ஒரு சுவடியை மட்டும் போற்றிப் படியெடுக்க மறுப்பவர்க்குச் சுவடியோடு நூலும் போய்விடும் இடர் உண்டு.

எது மூலம்?

போலச்செய்நிரல் எவ்வளவு நுண்ணியதாயினும் போலிதானே என்று கேட்பார் உளர். அக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. நாடா சுழலும் ஓசையையும், தொலைக்காட்சிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கி ஒலியைக் கரகரப்பாக்கியதையும், பள்ளி விட்டு வந்த சிறுவன் திரைமுன் காத்திருந்த அந்த மாலைப்பொழுதையும் எந்த நிரலும் மீட்டுத் தராது. அவை இசையோடு ஒட்டி இருந்தவை. இசையாகவே நின்றவை அல்ல.

மீட்கத்தக்கது எது என்று பிரித்தறிவதே காப்போர் கடமை. இசையமைத்தவர் இட்ட எண்கள் ஓர் எழுத்தும் குறையாமல் நிற்கின்றன. அவ்வெண்களுக்கு ஒலி தந்த கருவியின் நடத்தை கணிதமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ‘ரீசிட்’ போன்ற நிரல்களின் மூலவரிகள் எவரும் படிக்கத் திறந்தே உள்ளன. ஒருவர் பிழை கண்டால் மற்றவர் திருத்துவர். இத்திருத்தம் யாழுக்கு வாய்க்கவில்லை. விபுலாநந்த அடிகள் தம் முடிபைச் சரிபார்க்க ஒரே ஒரு பழைய யாழேனும் நரம்போடு கிடைத்திருந்தால் எத்துணை எளிதாயிருக்கும்! சிட் சில்லைக் காத்தோர்க்கு உண்மைக் கருவி கையிலிருந்தது, இசைத்தவரும் வாழ்ந்திருந்தனர். கருவி முற்றாக மறையுமுன்பே காக்கும் பணி தொடங்கியது. 1990-இல், கமடோர் 64 கடையில் விற்றுக்கொண்டிருந்த நாளிலேயே, முதற்படி எடுக்கப்பட்டுவிட்டது என்பதே இவ்வரலாற்றின் பெரும் பாடம்.

அந்த வாய்ப்பும் நெடுங்காலம் நில்லாது. ‘தி லாஸ்ட் நிஞ்சா’ இசையாளர் பென் டாக்லிஷ் 2018-இல் மறைந்தார். ஒரு சுரத்தின் அழுத்தம் கருதி இடப்பட்டதா, பிழையால் நேர்ந்ததா என்று அவரிடம் இனிக் கேட்க இயலாது. எண்கள் எஞ்சும், எண்ணியது எஞ்சாது. ஆகவே கருவியைக் காப்பதோடு, கருவியை ஆண்டவர் சொல்லையும் காலத்தில் கேட்டுப் பதிந்துகொள்வது இன்றியமையாதது.

விளையாட்டுப் பொருளென்று எண்ணி எறியப்பட்ட ஒன்றில் ஒரு தலைமுறையின் இசை இருந்தது. அதனை இசையென்று முதலில் அறிந்தவர் பல்கலைக்கழகத்தாரல்லர், அருங்காட்சியகத்தாரல்லர். அந்த இசையைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள். உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்று உலகம் தீர்ப்பளிக்கும்வரை அவர்கள் காத்திருந்திருப்பின், தீர்ப்பு வரும்போது பொருள் இருந்திராது. காப்பதற்குரிய காலம் பொருள் மலிந்து கிடக்கும் காலமே. அரிதான பின் காப்பது ஆராய்ச்சி. மலிந்திருக்கும்போதே காப்பது அறிவு.